ஒரு மாடு, இரண்டு ஒப்புதல் படிவங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு அந்தக் கடிதம் வந்தது. நேரம் கடிதத்தின் தலையிலேயே இருந்தது. அடுத்த நான்கு நாட்களில் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

தலைவலி என்று அன்று பள்ளிக்கு விடுப்பு போட்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து என் மகள் மடிக்கணினியில் கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள். கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு கால்நடை அறிவியல் பத்திரிகைக்குத் தன் முதல் கட்டுரையை அனுப்பியிருந்தாள். அதற்கான பதில் இது. பாதியில் அவள் குரல் நின்றுவிட்டது. மீதியை நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன்.

மதிப்பாய்வாளர்களில் ஒருவர் கட்டுரையைப் பாராட்டியிருந்தார். இன்னொருவர் எழுதியது இரண்டே வரி. இரண்டாவது படத்திலும் ஐந்தாவது படத்திலும் இருப்பது ஒரே மாடு. அட்டவணையில் அது இரண்டு மாடுகளாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே எடிட்டர் சேர்த்திருந்தார்: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விளக்கமும், களத்தில் எழுதிய நோட்டின் நகலும், மாட்டை வைத்திருப்பவரின் எழுத்துமூலமான உறுதியும் வர வேண்டும். வராவிட்டால் கட்டுரை நிராகரிக்கப்படும், கல்லூரிக்கும் தெரிவிக்கப்படும்.

நான் அப்போது கேட்ட கேள்வியை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"நீ எதையாவது மாத்தினியாடி? எண்ணிக்கை பத்தலேன்னு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வீங்கிய மடி, அதன் பின்னால் கறுப்புத் தொடை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு, ஓரத்தில் வால் போல இழுத்துக்கொண்டு. இரண்டிலும் அதே திட்டு.

"ஒரே மாடுதாம்மா" என்றாள். "எப்படின்னு எனக்கே தெரியல. ஆனா நீ முதல்ல அதைத்தான் கேப்பேன்னு நான் நெனைக்கல."

அந்தக் கட்டுரைக்காக அவள் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தவள். பத்திரிகை சொன்ன சொல் எண்ணிக்கைக்குள் சுருக்கத்தை அடக்க ஒரு வாரம் ஆனது. மேற்கோள் பட்டியலில் எங்கே கால்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி என்று அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். நான் கணக்கு டீச்சர் என்பதால் அட்டவணைக் கூட்டல்களைச் சரிபார்த்தது நான். படங்கள் தெளிவில்லை என்று பத்திரிகையின் இணையதளம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. கடைசியில் அது படங்களை ஏற்றுக்கொண்ட அன்று கடையில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம்.

கட்டுரை, நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளில் மழைக்காலத்தில் வரும் மடிநோயைப் பற்றியது. கார்த்திகை மாதத்தில் அவள் பால் மாதிரி எடுக்கப் போனபோதெல்லாம் சனி, ஞாயிறுகளில் நானும் போனேன். அவள் கையில் ரப்பர் உறை. பேனா பிடிக்க முடியாது. நோட்டில் எழுதியது நான். "மாடு யாருது?" என்று கேட்பதும் நான்தான். வந்த பதிலை வரிசை எண் போட்டு எழுதினேன். ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து வாங்கியதும் நானேதான்.

கேள்வியைக் கேட்டு முடித்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு உறைத்தது. நோட்டை எடுத்து வந்தேன். அந்த இரண்டு படங்களுக்குரிய வரிகளைத் தேடினோம். ஒன்றில் மேலத்தெருவில் நிலபுலன் உள்ள ஒரு பெரியவரின் பெயர். எட்டு நாள் கழித்து, கீழத்தெருவில் ஒரு பெண்ணின் பெயர். இரண்டும் என் கையெழுத்து.

மறுநாள் புதன்கிழமை. பள்ளி விடுப்பை வெள்ளிவரை நீட்டிச் சொல்லிவிட்டேன்; முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வழியெல்லாம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை நெல் அடைத்திருந்தது, பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. என் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த இரண்டு படங்களையும் போனில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ்ஸில் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். படத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது நம்ம மாடுதான் டீச்சர். இதுல என்ன சந்தேகம்?"

"கீழத்தெருவுல ஒரு அம்மாவும் அவங்க மாடுன்னுதானே கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

"அவதான் வளக்குறா. வாரத்துக்கு விட்டிருக்கேன்."

அப்போதுதான் விளங்கியது. மாடு வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், புல் அறுத்துப் போட்டு வளர்ப்பவர் இன்னொருவர். முதல் கன்று இவருக்கு என்றால் அடுத்த கன்று அவருக்கு. பாலிலும் பங்கு. இந்த ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு வாரத்து மாடு தெரியாத விஷயமா? ஆனால் நோட்டும் பேனாவும் கைக்கு வந்ததும் ஒரு மாட்டுக்கு ஒரு சொந்தக்காரர்தான் என்று நினைத்துவிட்டேன். கன்று ஈன்ற புதிதில் தினமும் காலையில் மாட்டை இவர் கொல்லைக்கு ஓட்டிவந்து கறந்து, இவர் பங்கைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். முதல் நாள் நாங்கள் அதை இங்கே பார்த்தோம். எட்டு நாள் கழித்து அங்கே பார்த்தோம். என் மகள் முகத்தில் முகமூடி கட்டிக்கொண்டு, குனிந்து, மடியை மட்டுமே பார்த்தவள். ஒரு நாளில் எத்தனை கறுப்பு வெள்ளை மாடுகள்!

"இதை அப்படியே ரெண்டு வரி எழுதித் தர்றீங்களா ஐயா?" என்று என் மகள் கேட்டாள். "ரெண்டு நாளும் பாத்தது ஒரே மாடு, வளக்குறது அவங்கன்னு."

அவர் முகம் மாறியது.

"எழுத்துல வேணாம்மா."

"மாட்டைப் பத்தி மட்டும்தான் ஐயா."

"இன்னிக்கு மாடும்பே. நாளைக்கு அவ புருஷன் அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு எனக்கும் பாத்தியதை இருக்குன்னு வந்து நிப்பான். நெலத்துல இப்படித்தான் ஒரு தடவை கையெழுத்தைப் போட்டுட்டு பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சேன். வாயால எத்தனை தடவை வேணாலும் சொல்றேன். அந்த ஆபீசருக்கு போனைப் போட்டுக் குடு, சொல்றேன்."

போனில் கேட்கிற ஆபீசர் யாரும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. மோர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்தோம்.

கீழத்தெருவில் அந்தப் பெண்ணின் வீடு பூட்டியிருந்தது. மாடு மட்டும் வேப்பமரத்தடியில் நின்று எங்களைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "இந்த வூட்டுக்காரி மகளுக்குப் பிரசவம். திருவாரூர் பெரியாஸ்பத்திரியில கூடவே கெடக்கு. புருஷன் அறுப்பு மிஷினோட போயிட்டாரு. மாட்டுக்கு நாந்தான் தண்ணி காட்டுறேன்."

அவள் கொடுத்த எண்ணுக்கு அடித்தோம், எடுக்கவில்லை. விஷயத்தை விவரமாகச் சொல்லி, எங்கள் தஞ்சாவூர் முகவரியையும் என் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் திருவாரூரில் இறங்கி ஆஸ்பத்திரியிலும் தேடினோம். பிரசவ வார்டு வாசலில் காவலாளி, நோயாளியின் பெயர் கேட்டார். எங்களுக்குத் தாயின் பெயர்தான் தெரியும், மகளின் பெயர் தெரியாது. "பேரு தெரியாம யாரைம்மா பாக்க வந்தீங்க?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை என் மகள் தன் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போனில் பேசினாள். அந்த அம்மா திட்டவில்லை. "தப்புன்னா தப்புன்னு எழுது. ஒரு மாட்டை எடுத்துட்டு எல்லா அட்டவணையும் திருப்பிப் போடு. ஆனா வளக்குறவங்களோ வாங்கினவங்களோ யாராவது ஒருத்தர் கையெழுத்து வேணும். இல்லேன்னா இதையும் நீ இப்போ ஜோடிச்சேன்னுதான் நெனைப்பாங்க" என்றார்.

ஒரு மாடு குறைந்தால் ஒரு எண்தானே குறையும் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். ஒவ்வொரு சதவீதமும் மாறியது. சுருக்கத்தில், முடிவுரையில், படங்களின் கீழே என்று ஒவ்வொரு இடமாகத் திருத்தினாள். அவள் போட்டதை நான் தனியாகத் தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு விடையும் ஒத்துப்போகும்போதெல்லாம் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. விளக்கக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"நோட்டு எழுதினது எங்கம்மா, தப்பு அவங்களோடதுன்னு எழுதிடு. அதுதானே உண்மை?"

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"பேப்பர்ல இருக்கிறது என் பேரு. படத்தைப் போட்டது நான். ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சு ஒரு தடவை பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்." விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "நீ நோட்டுல தப்பா எழுதினதுக்கு எனக்குக் கோவமே இல்லம்மா. நான் பொய் சொல்லியிருப்பேன்னு ஒரு நிமிஷம் நெனச்சல்ல, அதுதான்."

"ஒரு நிமிஷம் இல்லடி. ராத்திரி பூரா நெனச்சேன்" என்றேன். நோட்டைப் பார்த்த பிறகும், வேறு எங்காவது ஏதாவது செய்திருப்பாளோ என்ற பயம் எனக்கு விடியும்வரை போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அவள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

மூன்றரை. பெரியவருக்கு இன்னொரு முறை போன் செய்தேன். அவர் மகன் எடுத்து, அப்பா தூங்குகிறார் என்றான். நான்கு மணிக்கு, நோட்டின் நகலையும் திருத்திய கட்டுரையையும் ஏற்றிவிட்டாள். உறுதிக் கடிதத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. "கையெழுத்து கிடைக்கவில்லைன்னு ஒரு தாள்ல எழுதிப் போட்டுடவா?" என்று கேட்டாள். 

நான்கு இருபதுக்கு வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். கையில் ஒரு ஒயர் கூடை. கசங்கிய புடவை. பிரசவ வார்டில் நான்கு நாள் உட்கார்ந்தே தூங்கிய கண்கள். நோட்டில் நான் எழுதிய அந்தக் கீழத்தெருப் பெண்.

"பேத்தி பொறந்திருக்கா டீச்சர். இன்னிக்குத்தான் போனுக்குச் சார்ஜ் போட்டேன், பக்கத்து வூட்டுக்காரி அழுவாத கொறையா எல்லாத்தையும் சொன்னா. நேரா பஸ் ஏறிட்டேன்."

உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, திரையில் தெரிந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நம்ம கருப்பிதான். அன்னிக்குப் பெரியவரு கொல்லைக்கு எங்க வூட்டுக்காரரு ஓட்டிட்டு வந்தாரு, நீங்க பால் எடுத்தீங்கன்னு சொன்னாரு. மறுபடியும் வந்து எடுத்தீங்களா, சரி, டாக்டருன்னா ரெண்டு தடவை பாக்கத்தானே செய்வாங்கன்னு நெனச்சேன். ஏன் டீச்சர், இம்புட்டுப் படிச்சிருக்கீங்க, ஒரு மாட்டை ரெண்டு மாடாவா எழுதுவீங்க?"

என் மகள் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீங்க கையெழுத்துப் போட்டா பெரியவரு கோவிச்சுக்குவாருக்கா. அவரு எழுத்துல வேணாம்னு சொல்லிட்டாரு."

"கோவிச்சுக்குவாருதான். ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு. அப்புறம் சாணி அள்ள ஆளு வேணும்ல?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பேனாவைக் குடு பாப்பா. எங்க போடணும்?"