அன்ரன் இறங்காத மேடை

இந்த வாரம் இந்தப் பத்தி வெளிவருகிறதென்றால், அதற்குக் காரணம் ஒரு ரீவி அறிவிப்பாளர். மிகையாகச் சொல்லவில்லை... கேளுங்கள்.

போன சனிக்கிழமை பின்னேரம் கொடிகாமத்தில் அன்ரனின் ரீவி நிகழ்ச்சி. என்னையும் விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய கொட்டகை, மூன்று பக்கமும் தகரம். வாசல் மேடைக்கு எதிரே, சனத்துக்குப் பின்பக்கம் மட்டும்தான். சனமோ நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. எனக்கு முன்வரிசை. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அன்ரனின் அம்மா.

அன்ரனைத் தெரியாதவர்களுக்கு — அப்படி யாரும் இருக்கிறீர்களா என்ன? — குருநகர்ப் பெடியன். கோயில் பெருநாளில் மைக் பிடித்துப் பழகியவர். இளம் வயதில் கொழும்புக்குக் குரல் தேர்வுக்குப் போனார். “உம்மடை பேச்சிலை யாழ்ப்பாணம் மணக்குது. மாத்திக்கொண்டு வாரும்” என்றார்களாம்.

“மணக்கிறதை ஏன் கழுவவேணும்?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

பிறகு இங்கே ஒரு சின்ன ரீவி சேவை தொடங்கியது. வீட்டில் கதைப்பது போலவே அதில் கதைத்தார். இன்றைக்குப் புத்தூரிலும் வட்டுக்கோட்டையிலும் சனிக்கிழமை பின்னேரம் ரீவிக்கு முன்னால் இருந்து யாரையும் எழுப்ப முடியாது. ஒருமுறை போட்டிக்கு வந்த பெண்ணொருத்தி, காணாமல்போன மகனை நினைத்து மேடையிலேயே உடைந்து போனாள். வேறு யாராவது என்றால் கமராவைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். அன்ரன் கமராவை நிறுத்தச் சொன்னார். சனம் அதை மறக்கவில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

நிகழ்ச்சி நடுவில் மேடைக்குப் பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஜெனரேற்றர். லைற் எல்லாம் போய்விட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் புகை... பிறகு நெருப்பு. யாரோ “பத்துது! பத்துது!” என்று கத்த, கதிரைகள் சரிந்தன. ஒரே வாசல். இத்தனை சனமும் ஒன்றாக ஓடினால்?

மைக்கும் செத்துவிட்டது. அன்ரன் அதைக் கீழே வைத்தார். மேடை விளிம்புக்கு வந்தார். வெறும் குரலில் தொடங்கினார்.

“எல்லாரும் இருங்கோ! வாசல் பின்னாலை. கடைசி வரிசை ஆக்கள் மட்டும் எழும்புங்கோ. ஓடாதேங்கோ, நடவுங்கோ. நான் இஞ்சைதான் நிக்கிறன். நான் இறங்கினால் நீங்கள் ஓடலாம்.”

நம்புவீர்களா? எழும்பிய சனம் திரும்ப இருக்கையில் இருந்தது!

கடைசி வரிசை போனது. பிறகு அதற்கு முன்னால் இருந்த வரிசை. “அக்கா, பிள்ளையைத் தூக்குங்கோ... ஐயா, செருப்பை விடுங்கோ, நாளைக்கு எடுக்கலாம்...” யாரோ சிரித்தார்கள். நெருப்புக்கு முன்னால் சிரிப்பு! அவருக்குப் பின்னால் திரைச்சீலை எரிந்து விழுந்துகொண்டிருந்தது. மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நெருப்புக்கு மிகக் கிட்ட இருந்தது எங்கள் வரிசை. கடைசியாகப் போகவேண்டியதும் நாங்கள்தான். எனக்குத் தொண்டை கரித்தது. கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன. அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

“தம்பி, இரும். அவன் சொல்லேல்லை.”

அன்ரன் சொன்ன பிறகுதான் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். எங்களுக்குப் பின்னால் அன்ரன் குதித்து இறங்கி வந்தார். தண்ணிப் பவுசர் லொறி வந்து நெருப்பை அணைத்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே மண்ணில் அப்படியே இருந்துவிட்டார் அன்ரன். தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். குரல் அடைத்துவிட்டது.

அம்மா கேட்டார்: “ஏன்ரா, என்னைக் கடைசியாவோ விட்டனி?”

“உங்களை முதல் தூக்கியிருந்தால் முழுச் சனமும் எழும்பியிருக்கும், அம்மா.”

“அது எனக்குத் தெரியும். உள்ளை சனத்துக்கு முன்னாலை கேட்டிருந்தால் உனக்கு மரியாதையில்லை எண்டுதான் இப்ப கேக்கிறன்” என்றபடி சேலைத் தலைப்பால் மகனின் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டார்.

“பயமே வரேல்லையோ அன்ரன்?” என்றேன்.

“பயந்தனான் அண்ணை. அம்மாவைப் பாத்தால் குரல் நடுங்கும். அதுதான் அந்தப் பக்கமே பாக்கேல்லை.”

வாயால் பிழைக்கிறவர்கள் என்று அறிவிப்பாளர்களை நாம் கேலி செய்கிறோம். அன்றைக்கு அந்த வாயால் பிழைத்தது நாங்கள்! ஆனால் குரல் மட்டும் காரணமில்லை. ‘நான் நிக்கிறன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்... சனம் நம்ப வேண்டுமே! அந்த நம்பிக்கையை அவர் சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

இன்னொன்று. அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. அவர் கதைத்து முடியும்வரை ஒருவர்கூட வீடியோ எடுக்கவில்லை — இந்தக் காலத்தில் ஒரு ரீவிக்காரருக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா, சொல்லுங்கள்?