கொள்ளிடக் கரையில் வாங்கிய அடி

மாசிக் காலைகளில் பறவை பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடக் கரைக்கு நடப்பேன். அங்கே ஆடு மேய்ப்பவர் ஒருவர். ஒட்டிய கன்னம், தலையில் பச்சைத் துண்டு. நெருஞ்சி மஞ்சளாகப் பூத்திருந்த மணல்திட்டுப் பக்கம் எந்த ஆடு போனாலும் கம்பால் விளாசுவார். கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அன்று பூவைப் படமெடுக்க நானே அந்தத் திட்டில் ஏறினேன். தலைக்கு மேலே ஆள்காட்டிப் பறவை ஒன்று கத்திக்கொண்டே சுற்றியது. முதுகில் ஓர் அடி விழுந்தது. திரும்புவதற்குள் மணிக்கட்டில் இன்னொன்று. கேமரா மணலில் விழுந்தது.

"மிதிச்சிராதீங்க சார்!"

கோபத்தோடு கேமராவை எடுக்கக் குனிந்தேன். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, மணலோடு மணலாக நான்கு முட்டைகள்.

"ஆட்டுக்கு ஒரு அடி போதும். உங்களுக்கு ரெண்டு வேண்டியிருக்கு" என்றார்.

வீங்கிய கையைப் பார்த்து வீட்டில் கேட்டார்கள். ஆடு முட்டிவிட்டது என்றேன்.