அண்ணனின் ஏர்கோனும் ஆய்வகத்தில் இல்லாத சூலியா தெருவும்

பினாங்கிலேயே பிறந்தவள், பினாங்குக்குள் போய்வந்ததைப் பயணம் என்று எழுதுவதற்கு மன்னியுங்கள். எழுதாமல் இருந்தால் கடைசியில் உள்ள ஒன்றைச் சொல்ல எனக்கு வேறு இடமில்லை.

போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தீவிலுள்ள டத்தோ கிராமாட்டிலிருந்து கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு அண்ணனோடு கிளம்பினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர். வேகத்தையும் பெட்ரோல் செலவையும் பதியும் சிறு கருவியை அவர் காரில் செருகியிருந்தேன். வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தில் என் மேற்படிப்பு ஆய்வுக்காக அந்தப் பதிவை வைத்துத்தான் பேச வேண்டும். வேறு பதிவு எடுக்க நாளில்லை.

புதிய கார்களின் புகையை ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி அளக்கிறார்கள். எந்த நொடியில் எவ்வளவு வேகம் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பெரும்பாலும் காரைக் குளிரூட்டும் ஏர்கோன் ஓடாது. எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுக்க அது தேவைதான். நம் சாலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதே என் கேள்வி.

சூலியா தெருவில் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு வாங்க இறங்கும்போது அண்ணன் எஞ்சினை அணைத்தார். நான் அசந்துபோனேன். எஞ்சினும் ஏர்கோனும் ஓட, இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டுப் பொட்டலம் வாங்கப் போவதுதான் அவர் வழக்கம். எங்கள் ஊரின் வழக்கமும்கூட. கடல் பாலத்தில் ஏர்கோனையும் அணைத்துவிட்டார். லாரிகள் எல்லாம் எங்களை முந்தின. ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

சின்னம்மா வாசலிலேயே சிரித்தார். "கார்ல வந்தீங்களா, கடல்ல நீந்தி வந்தீங்களா?"

"பாப்பாவோட மிஷின் பாத்துக்கிட்டே இருக்குலா, சின்னம்மா. காடி பாஸ் ஆகணும்ல" என்றார் அண்ணன், வியர்வையில் நனைந்த சட்டையைப் பிழியாத குறையாக. காடி என்று அவர் சொல்வது காரை.

அப்போதுதான் வாய் திறந்தேன். "அண்ணே, பரீட்சை காடிக்கு இல்ல. நீங்க எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுனாத்தான் எனக்கு மார்க்கு."

"அடிப்பாவி! இத காலையிலேயே சொல்லியிருக்கலாம்லா!"

திரும்பும்போது ஏர்கோன் குளிரில் நடுங்கினேன். பாலத்தில் மாலை நெரிசல், டோல் கட்டணம் ஏழு வெள்ளி, மறுபடி சூலியா தெரு, மறுபடி பொட்டலம், எஞ்சின் அணையவே இல்லை. போகும்போது எடுத்த வேகப் பதிவு ஆய்வகக் கோடு போல வழவழப்பு. திரும்பும்போது எடுத்தது ரம்பப் பல். பெட்ரோல் நன்றாகவே கூடியிருந்தது, கூடவே புகையும். ஒரு பயணம் எதையும் நிரூபிக்காதுதான். ஆனாலும் இரண்டையும் காட்டப் போகிறேன்.

நீங்கள் போவதானால்: படகில் இப்போது கார் ஏற்ற மாட்டார்கள், பாலம்தான். தீவுக்குத் திரும்பும்போது மட்டும் டோல். மாலை ஐந்துக்கு முன் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். விளம்பரத் தாளில் உள்ள எரிபொருள் கணக்கு இரண்டு கார்களை ஒப்பிட உதவும்; அதை நம்பிப் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நம் வீட்டின் முதல் பட்டத்தை நான் வாங்கிய அன்று, "உள்ள எல்லாம் படிச்சவங்க" என்று எஞ்சினை ஓடவிட்டுக் காரிலேயே இருந்துவிட்டீர்கள். வியாழக்கிழமை நான் காட்டப்போவது நீங்கள் ஓட்டிய சாலை. இந்த முறை எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.