இரண்டு கண்ட்ரோலர், ஒரே ஆள்

சீசனில் குற்றாலத்துக்குப் போய், லாட்ஜில் ரூம் போட்டு, தலைகூட நனையாமல் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எங்கள் குடும்பத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது.

மலையில் கன மழை. எல்லா அருவியிலும் வெள்ளம். குளிக்கத் தடை. தென்காசியில் இருக்கிற எனக்கு இது புதிதில்லை; இன்னொரு நாள் ஆட்டோ பிடித்துப் போனால் ஆயிற்று. ஆனால் அன்றைக்கு அருவி எனக்குக் கட்டாயம் தேவைப்பட்டது – குளிக்க அல்ல, என் அண்ணன்கள் இரண்டு பேரையும் பேச வைக்க.

பெரியவர் செல்லத்துரை. சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் இருக்கிறார். சின்னவர் கணேசன், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். நான்கு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

சொத்துத் தகராறா? அதெல்லாம் இல்லை. சின்னவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தபோது பெரியவர் வந்து பார்க்கவில்லை. பந்தோபஸ்து டியூட்டி. "அவருக்கு யூனிபார்ம்தான் கூடப்பிறந்தது" என்று இவர் யாரிடமோ சொல்ல, அது அவர் காதுக்குப் போக… முடிந்தது கதை.

ஆவணியில் என் மகள் சுபாவுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இரண்டு பேரும் மணமேடையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் பார்க்கச் சகிக்குமா? அதனால்தான் குற்றாலத்துக்கு அழைத்தேன். அருவியில் தலையைக் கொடுத்தால் கோபமும் சேர்ந்து இறங்கிவிடும் என்று ஒரு நப்பாசை.

"வாரேன். ஆனா அவன்கூட பேசச் சொல்லாத" என்றார் பெரியவர். சின்னவரும் அதையேதான் சொன்னார் – 'அவன்' இருந்த இடத்தில் 'அவரு' என்று போட்டு. கோபத்திலும் மரியாதை குறையவில்லை பாருங்கள்!

அண்ணிகள் இரண்டு பேரும் ஒன்றாக மங்குஸ்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. அறையில் கட்டிலின் அந்த முனையில் பெரியவர் பேப்பரோடு, இந்த முனையில் சின்னவர் போனோடு. நடுவில் நான், என்ன பேசுவது என்று தெரியாமல், மின்விசிறியின் ஸ்பீடைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு.

அப்போதுதான் சுபா பையிலிருந்து அதை எடுத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சாதனம். ஒரு திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள். அந்தக் காலத்து வீடியோ கேம்களை எல்லாம் இதில் ஓட்டலாமாம், எமுலேட்டர் என்கிறாள். கொச்சியில் வேலை பார்க்கிறவள், ஹாஸ்டலில் தோழிகளோடு ஆடுவதற்காக வாங்கியிருக்கிறாள். ஒரு ஒயரை எடுத்து லாட்ஜ் டிவியில் செருகினாள். படம் பெரிதாக வந்தது. பிறகு பையிலிருந்து இரண்டு ஒயர்லெஸ் கண்ட்ரோலர்கள்.

"மாமா, ரெண்டு பேரு சேர்ந்து ஆடுத கேம் இது. அம்மாவுக்குச் சுத்தமா வராது. நீங்க ரெண்டு பேரும் பிடிங்க."

இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணப் பெண் கேட்கிறாள், எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டார்கள்.

பெரியவருடையது உடனே இணைந்துவிட்டது. சின்னவருடையதில் விளக்கு சிமிட்டியது, நின்றது, டிவியில் ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிடம் போராடியபிறகு சுபாவுக்குப் பிடிபட்டது. அந்தக் கண்ட்ரோலர் பழைய பழக்கத்தில் அவளுடைய போனோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது! போனில் புளூடூத்தை அணைத்தபிறகுதான் இந்தப் பக்கம் வந்தது.

தெருவில் இரண்டு வீரர்கள் நடந்து போய் ரவுடிகளை அடித்து நொறுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆரம்பித்த நிமிடமே குழப்பம். ஒரு வீரன் முன்னும் பின்னும் அல்லாடுகிறான். இன்னொருவன் நட்ட கம்பம்போல நின்று அடி வாங்குகிறான்.

"ஏட்டி சுபா, என்ன இது? நான் முன்னால போகச் சொல்லுதேன், இவன் பின்னால ஓடுதான்!" என்றார் பெரியவர்.

சின்னவர் சுவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "என் ஆளை யாரோ பிடிச்சு இழுக்காங்க."

"ஏலே! அது என் ஆளுலே. நீ கைய எடு!"

நான்கு வருடத்தில் முதல் வார்த்தை!

சின்னவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "உங்க ஆளு அங்கன நின்னு அடி வாங்குதான். நீங்க கைய எடுங்க" என்றார்.

சுபா செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள். இரண்டு கண்ட்ரோலரும் முதல் ஆளுக்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒன்றை இரண்டாம் ஆளுக்கு மாற்றினாள். அதன்பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"நீ வலது பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் மறிக்கேன்." பெரியவருக்கு சர்வீஸ் ஞாபகம் வந்துவிட்டது. "பின்னால ஒருத்தன் வாரான் பாருங்க!" – இது மண்டியில் ஏலம் கூறிப் பழகிய குரல், பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும். முதல் ஸ்டேஜைத் தாண்டினார்கள், இரண்டாவதையும் தாண்டினார்கள். மூன்றாவதில் ஒரு தடியன் வந்து இரண்டு பேரையும் புரட்டி எடுத்தான். மறுபடி மறுபடி ஆரம்பித்தார்கள்.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, சின்னவரின் விரல் நின்றுவிட்டது.

"ஏலே, அமுக்குலே. செத்துப் போவ."

"அன்னைக்கே செத்திருப்பேன். நீங்க வரலயே."

சுபா என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன்கள் இரண்டு பேரின் கண்ணும் டிவியை விட்டு அகலவில்லை.

"லீவு கேட்டேன்லே. குடுக்கல."

"கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"மூணு நாளு போன் போட்டேன். நீ எடுக்கல."

"வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கு… போன் எங்க கெடந்துதுன்னே தெரியாது."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு வீட்டுக்கே வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ சொன்னத வந்து சொன்னாங்க."

சின்னவர் கண்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"அது நான் சொன்னது தப்புதான், அண்ணே."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "சரி… பட்டனை அமுக்கு."

கட்டிப்பிடிக்கவில்லை. கண்ணீர் வடிக்கவில்லை. அண்ணிகள் பழத்தோடு கதவைத் திறந்தபோது, "தள்ளி நில்லுங்க, டிவி மறைக்கு" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இந்த நான்கு வருடத்தில் எத்தனை தூது விட்டிருப்பேன்! எதிரெதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! சில ஆண்களுக்கு முகத்தைப் பார்த்தால் வார்த்தை வருவதில்லை போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார வைத்து, கைக்கு ஒரு வேலை கொடுத்தால் தானாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை சின்னவர் போன் பண்ணினார். "சுபா அந்த மிஷினை வீட்ல வச்சிட்டுப் போயிருக்காளாட்டி? நாளைக்கு வந்து வாங்கிட்டு, அப்படியே பாளையங்கோட்டை போறேன்."

"பெரியண்ணன்கிட்ட என்ன பேசப்போறிய?" என்றேன்.

"பேசுததுக்கு என்னட்டி இருக்கு? மூணாவது ஸ்டேஜைத் தாண்ட வேண்டாமா?"