கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரியவள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பாலையூற்றில் எங்கள் வீட்டுச் சிலந்திகள் அத்தனைக்கும் நான்தான் அதிகாரி. யாரும் நியமிக்கவில்லை; நானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அலுமாரிக்குப் பின்னால், கதிரைகளுக்கு அடியில், குசினிக் கூரை மூலையில் என்று தேடத் தொடங்குவேன். கண்டதையெல்லாம் ஒரு பழைய கொப்பியின் பின்பக்கங்களில் எழுதி, பெயரும் வைப்பேன். தொட்டால் வலையோடு சேர்ந்து நடுங்குகிற நீளக்காலி 'நடுங்கி'. வலையே கட்டாமல் சுவரில் தத்தித் தத்தி ஈ பிடிப்பவன் 'பாய்ச்சல்காரன்'. உள்ளங்கை அகலத்தில் தட்டையாக இருந்துகொண்டு கரப்பொத்தானைத் துரத்திப் பிடிப்பவள் 'பெரியவள்'. அம்மாவுக்கு இதெல்லாம் தலையிடி. அப்பா மட்டும் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, சிலந்திப் பொலிசார் இன்றைக்கு எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று விசாரிப்பார்.

அப்பா துறைமுகத்தில் கம்பிவடம் பின்னுகிறவர். கப்பல்களை இழுத்துக் கட்டும் தடித்த வடங்கள் அறுந்தால், புரி புரியாகப் பிரித்துக் கோத்துச் சேர்ப்பார். அந்தக் கைக்கு அங்கே நல்ல மதிப்பு. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வருடம் பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். என் குடிமக்களில் பாதிப்பேர் அதோடு போய்விட்டார்கள். தப்பிய பெரியவள் ஒருத்தி விறாந்தையில் தொங்கிய கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொத்தான் போல ஒரு முட்டைக்கூடு. ஒன்றும் தின்னாமல், இறக்கியும் வைக்காமல் அதைச் சுமந்துகொண்டே இருந்தாள். குஞ்சு வெளிவருவதைப் பார்த்தே தீருவதென்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் அப்பா கையில் பழைய சாரத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கம்பிப் பிசிறு ஒன்று வலக்கைச் சுட்டுவிரலை ஆழமாகக் கிழித்திருந்தது. வெட்டுக்காயத்தில் சிலந்தியின் வெள்ளை முட்டைக்கூட்டை வைத்து அழுத்தினால் இரத்தம் நிற்கும், புண்ணும் ஆறும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். எல்லா வீட்டுச் சுவரிலும் இரண்டொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புதுச் சுண்ணாம்புச் சுவரில் அதற்கு எங்கே போவது? அம்மா என்னைத்தான் கூப்பிட்டார்.

"நீதானே வீடெல்லாம் சிலந்தி தேடித் திரியிறனீ. கெதியா ஒரு கூடு எடுத்துக்கொண்டு வா."

நான் தேடினேன். தேடுவதுபோல நடித்தேன் என்பதுதான் உண்மை. அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், கதிரைகளைக் கவிழ்த்தேன், கண்ணாடிப் பக்கம் மட்டும் போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே சுவரோரக் கதிரையில் அப்பா கையை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னேன். அம்மா நம்பவில்லை. திரும்பவும் தேடச் சொல்லி அவர் வாயெடுக்கும்போது அப்பா மறித்தார்.

"பிள்ளை இல்லையெண்டா இல்லைதானே. கோப்பித்தூளை வைச்சுக் கட்டும்."

மூன்றாம் நாள் விரல் வீங்கிக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த விரல் இல்லாமல் வடம் பின்ன ஏலாது. பிறகு ஓய்வுபெறும்வரை துறைமுக வாசலில் படலை திறந்து மூடுகிற வேலைதான் பார்த்தார்.

கூடு வைத்திருந்தால் புண் இன்னும் மோசமாகியிருக்கும் என்று பின்னாளில் ஒரு டொக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். இருக்கலாம். ஆனால் பத்து வயதில் எனக்கு அது தெரியாது. அந்தக் கூடு அப்பாவின் கையைக் காப்பாற்றும் என்று முழுதாக நம்பிக்கொண்டேதான் நான் அதை மறைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அம்மா குசினிக்குள் போன நேரம் பார்த்து அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குஞ்சு வந்திட்டுதோ பிள்ளை?"

ஓம், கடுகு கொட்டினமாதிரி அவ்வளவு என்று துள்ளினேன். அத்தனை நாளும் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் இடக்கையால் தாளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அந்தக் கதிரையில் இரத்தம் ஒழுக இருந்தபடியே அவர் கண்ணாடி இடுக்கில் அவளைக் கண்டிருக்கிறார், கண்டும் எனக்காகத்தான் பேசாமல் இருந்திருக்கிறார் என்பது பல வருடங்கள் கழித்து எனக்கு விளங்கியபோது, மன்னிப்புக் கேட்க அப்பா இல்லை.