தொப்பி போட்ட கோழிகள்

ஐதுதாகித் தீவில் துயினேயைப் போல் ஊசி பிடிக்க ஆளில்லை. அவளைப் போல் குறும்புக்கும் ஆளில்லை. பாதிரியார் வீட்டுத் தலையணைக்குப் பூ தைக்கச் சொன்னால், பூவோடு பூவாக ஒரு கணவாய் மீனைத் தைத்துக் கொடுத்தாள். அன்றே மாதர் சங்கத் தலைவி அகாயிதி சொல்லிவிட்டாள்:

"இன்னொரு தடவை இந்தச் சேட்டை பண்ணினே, சங்கத்துல உனக்கு இடமில்லடி."

சங்கம் போனால் மகள் கல்யாணம் என்னாவது? கல்யாணத்துக்குச் சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் கூடித் தைக்கும் திவாய்வாய் போர்வை இன்னும் பாதிதான் முடிந்திருந்தது.

இன்று சங்கத்தார் வீடு வீடாகச் சுத்தம் பார்க்கும் வருடாந்திரச் சோதனை. சோதிக்க வருபவர்கள் பார்க்கக் கட்டிலில் நல்ல போர்வை விரித்திருக்க வேண்டும். துயினே கொல்லையில் சட்டி தேய்த்துவிட்டு உள்ளே வந்தால், புருஷன் இயோனா பெட்டிக்குள் அடியில் கிடந்த போர்வையை விரித்து வைத்திருக்கிறான்! வாசலில் அகாயிதியும் இரண்டு பெண்களும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இதை எடுக்கச் சொல்லி உன்கிட்ட யாருய்யா அழுதா?"

"செவப்பா, பூ நல்லாருக்கேன்னு..."

பூவாம் பூ! தள்ளி நின்றால் செம்பருத்தி, கிட்டே போனால் கோழி. அவளுடைய சேம்புக் கன்றுகளைக் கிளறிப் பாழாக்கிய அகாயிதியின் கோழிகள். ஒவ்வொன்றின் தலையிலும் அகாயிதி கோயிலுக்குப் போட்டுவரும் தொப்பி. ஆத்திரம் தீரத் தைத்து, தனியே சிரித்துவிட்டு, ஒளித்து வைத்திருந்தாள்.

சுருட்ட நேரமில்லை. அகாயிதி கட்டிலருகே வந்து குனிந்தாள். கூட வந்தவள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாரு தொப்பி?"

"உங்களுதுதான்க்கா." பொய் வாயில் வரவில்லை.

அகாயிதி ஒரு கோழியின் தையலை விரலால் தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

"என் வீட்டுல முப்பது போர்வை இருக்கு. எல்லாம் தலைவிக்குன்னு குடுத்தது. என்னைப் பார்த்துத் தைச்சது ஒண்ணுகூட இல்லடி." போர்வையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். "நான் செத்தா என்னை இதுல சுத்தித்தான் பொதைக்கணும்."

துயினே அழுகையை அடக்க முடியாமல் போர்வையை மடித்து நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்கக்கா."

"ஏன்டி, அவ்வளவு அவசரமா உனக்கு? பெட்டியிலயே இருக்கட்டும். நாளைக்கு மத்த ஏழு பேரையும் கூட்டிட்டு வர்றேன், உன் பொண்ணு போர்வையை முடிக்கணும்."