அப்பா செய்த கொலையும் நான்கு வாசகர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்காவில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம். எழுதியவர் இளம் வக்கீல். ஒரு கொலை வழக்கை வைத்துக் கோர்ட்டிலேயே நடக்கிற மாதிரி மர்ம நாவல் எழுதியிருக்கிறார். வாசகர்கள் கருத்துச் சொல்லும் அங்கம் ஆரம்பித்தது. என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வயதானவர்களுக்கு இது ஒரு தண்டனை – நடுவில் எழுந்து போக முடியாது.

முதலில் பேசியவர் நாவலை மனதாரப் பாராட்டினார் – அட்டைப்படம் பிரமாதமாம். இரண்டாமவர் கொலையாளி யார் என்று மைக்கிலேயே போட்டு உடைத்துவிட்டு, மீதியை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று உட்கார்ந்தார். மூன்றாவதாக ஒரு அம்மையார். கொலை செய்தது அவனில்லை, இன்னொருவன், ஆசிரியர் தப்பான ஆளை ஜெயிலில் போட்டுவிட்டார் என்று கண்டித்தார். எழுதியவனுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது?

டீ குடிக்கும்போது எழுதிய பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வாடிப்போயிருந்தது.

"என்ன ஆன்ட்டி, இவங்கல்லாம் ஒரே புத்தகத்தத்தான் படிச்சாங்களா?"

"ஒங்கள யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போவலயே தம்பி... அப்ப நீங்க தப்பிச்சீங்க" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. சொல்கிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். நாங்கள் மலாக்கா காஜா பேராங்கில் குடியிருந்தோம். அப்பாவுக்கு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். சாட்சி தமிழில் சொல்வதை மலாயிலும் இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் வந்த பிறகு இங்கிலீஷ் போய்விட்டது, மலாய் மட்டும் மிச்சம்.

அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. சாட்சி "நான் கத்தியை எடுத்தேன்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான் கத்தியை எடுத்தேன்" என்றே சொல்ல வேண்டும். "எடுத்ததாகச் சொல்கிறார்" என்றெல்லாம் இழுக்கக் கூடாது. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. அப்பா இதில் மகா கண்டிப்பு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷன் வாரத்துக்கு ஒரு கொலையாவது பண்ணியிருப்பார் என்று அம்மா சொல்லுவாள்.

எங்கள் சந்து முழுவதற்கும் அப்போது ஒரே ஒரு தமிழ் நாவல்தான். கப்பல் நின்றுபோனதில் இந்தியாவிலிருந்து புத்தகம் வருவதும் நின்றுவிட்டது. அந்த ஒன்றுக்கும் அட்டை கிடையாது, ஆகவே பெயரும் கிடையாது, எழுதியவரும் கிடையாது. "கேஸ் புத்தகம்" என்போம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஜமீன்தார் விஷத்தில் செத்துப்போகிறார். ஐந்து பேர் மேல் சந்தேகம். வக்கீல் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிக் குடைகிறார். கடைசியில் எழுந்து நின்று, "கனம் கோர்ட்டார் அவர்களே, அந்தக் கொலைகாரர்..." என்கிறார். அதோடு நூற்று எழுபத்தாறாம் பக்கம் முடிகிறது. அதற்குப் பிறகு வெறும் தையல் நூல்தான்.

எப்படி இருக்கும் சொல்லுங்கள்? சோறு இல்லை, துணி இல்லை, கொலைகாரனும் இல்லை.

பக்கம் இல்லையென்றால் என்ன, கருத்து இருக்கிறதே. மளிகைக்கடை பஷீர் ராவுத்தர் நாலு தடவை படித்தவர் – கடையில் விற்கச் சாமான் இல்லை, வேறென்ன செய்வார்? கொன்றது மச்சினன்தான் என்பது அவர் தீர்ப்பு. தமிழ்ப்பள்ளி சிங்காரம் வாத்தியார் வைத்தியர்தான் என்று அடித்துச் சொன்னார். இதன் பேரில் இரண்டு பேரும் எட்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மரவள்ளிக்கிழங்கு வாங்கும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றும் பேசவில்லை.

இந்தச் சண்டை பக்கத்து வீட்டு தேவகி மக்சிக்கின் காதுக்குப் போனது. மக்சிக் என்றால் மலாயில் அத்தை; அவர் மலாக்கா செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்கள் தெரியும், மற்றபடி பூஜ்யம். அதென்ன கதை, எனக்கும் சொல்லு என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறமென்ன, தினமும் சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் கோர்ட் கூடியது. நான் ஒரு வாக்கியம் தமிழில் படிப்பேன். அப்பா எழுந்து நின்று – உட்கார்ந்து சொல்ல அவருக்கு வராது – மலாயில் சொல்லுவார். ஜமீன்தார் பேசினால் அப்பா ஜமீன்தார். மருமகள் அழுதால் அப்பாதான் மருமகள். செட்டிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவார்கள். அவர்கள் அழுதபோதுகூட அப்பா ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை.

நூற்று எழுபத்தாறாம் பக்கம் வந்தது. படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அவ்வளவுதான், மேலே பக்கம் இல்லை என்று அப்பா சொன்னார். தேவகி மக்சிக் நகரவில்லை. யாருமே நகரவில்லை. ஒரு கிழவி, முடிவு தெரியாமல் செத்துப்போனால் என் ஆவி உன்னைத்தான் சுற்றும் என்று அமைதியாகச் சொன்னாள்.

அப்பா என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எதிரே நின்ற பலா மரத்தைப் பார்த்தார். பிறகு தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சாட்சி இல்லாமல் மொழிபெயர்த்தார்.

"சாயா யாங் புனோ" என்று ஆரம்பித்தார். நான்தான் கொன்றேன். சோற்றில் நான்தான் விஷம் வைத்தேன். விஷக் குப்பியைப் பலா மரத்தடியில் புதைத்தேன். எனக்கு வருத்தமே இல்லை. – ஜமீன்தார் வீட்டுச் சமையல்காரனின் வாக்குமூலமாம். புத்தகத்தில் அந்தச் சமையல்காரன் மொத்தம் இரண்டு இடத்தில்தான் வருவான், இரண்டிலும் மோர் கொண்டுவருவான்.

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காவலில் சேர்ந்திருந்த ஒரு ஆசாமி சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் என் வாயில் தமிழும் இல்லை, கையில் திறந்த புத்தகமும் இல்லை. அவன் கண்டதெல்லாம், ஒரு ஆள் எழுந்து நின்று கொலையை ஒப்புக்கொள்கிறான், பெண்கள் அழுகிறார்கள்.

மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. வந்த சிலரும் பழைய ஆளாக வந்ததில்லை. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பலா மரத்தடியைத் தோண்டினார்கள். குப்பி கிடைக்கவில்லை. தேவகி மக்சிக் சாக்கில் சுற்றிப் புதைத்து வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கும் தாம்பாளமும் கிடைத்தன. உலோகமெல்லாம் சண்டைக்கு என்று பிடுங்கிக்கொண்டிருந்த சமயம். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு விளக்கை விட்டார்கள். அவ்வளவு பெரிய கதையில் குப்பியைக் கிணற்றில் போட்டால் என்ன குறைந்துபோகும் என்று மக்சிக் அப்பாவைச் சாகும்வரை கேட்டார். எழுதுகிறவர்கள் எதிரே தெரிவதையெல்லாம் கதைக்குள் போட்டால் இதுதான் வரும்.

பிறகு, அது கதைதான் என்று அப்பா சொன்னதை விசாரிக்க, வாசகர்கள் நான்கு பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். ராவுத்தர், வாத்தியார், மக்சிக், நான். புறப்படும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது புத்தகத்துல இருக்குன்னு சொல்லிரு. சாமி ஒன்னும் கேக்காது."

மேசைக்குப் பின்னால் ஜப்பான் ஆபீசர். மலாய் படித்தவர், நிதானமாகப் பேசினார். அது மேலும் பயமாக இருந்தது. மேசைமேல் எங்கள் கேஸ் புத்தகம். அப்பா சுவரோரம் நின்றார், சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்திருந்தது. பிணம் எங்கே என்று அதுவரை அவரைக் கேட்டார்களாம். தஞ்சாவூரில் என்று அப்பா பதில் சொன்னாராம்.

ஆபீசர் ஒரு வினோதமான உத்தரவு போட்டார். எங்கள் எல்லாருக்கும் மலாய் தெரியும். இருந்தாலும் தமிழர்கள் மூவரும் தமிழில்தான் சொல்ல வேண்டுமாம். மொழிபெயர்ப்பது அப்பாவாம். குற்றவாளியே துபாஷி. எந்த ஊரில் நடக்கும் இது?

ராவுத்தர் முன்னால் போனார். இவரை எனக்கு ரொம்ப நாளாய்த் தெரியும், நல்ல மனுஷன், கொஞ்சம் பிடிவாதம் என்றார். அப்பா தன்னைப் பற்றித் தானே மலாயில், கொஞ்சம் பிடிவாதம் என்று ஒப்பித்தார். அந்த வாக்குமூலம் புத்தகத்தில் இருக்கிறதா என்று கேள்வி. இருக்கிறது, நூற்று எண்பத்தெட்டாம் பக்கம் என்று ராவுத்தர் கண்ணிமைக்காமல் சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதையும் மொழிபெயர்த்தார்.

அடுத்து வாத்தியார். அவரும் காப்பாற்றத்தான் வந்தார், பாவம். ஆனால் ராவுத்தர் சொன்ன பக்கத்தையே சொல்ல அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சமையல்காரன் ஒப்புக்கொண்டது உண்மைதான், ஆனால் அது பொய் வாக்குமூலம், உண்மையில் கொன்றது வைத்தியர் என்றும் சேர்த்தார். ராவுத்தர் பின்னாலிருந்து, மச்சினனை விட்டுவிட்டு வைத்தியரைப் பிடிக்கிறீரே, புத்தகத்தைப் படித்தீரா மோந்து பார்த்தீரா என்றார். இரண்டு பேரும் எட்டு நாள் மௌனத்தை ஜப்பான் ஆபீசர் முன்னால் கலைத்துக்கொண்டார்கள். அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, இரண்டு பேராகவும் மலாயில் சண்டை போட்டார். மோந்து பார்த்தது உட்பட.

நடுவில் மக்சிக் எழுந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கொன்றது வக்கீல்தான், வேறு யாருக்கு லாபம் என்று நேராக மலாயில் சொல்லிவிட்டு, தாம்பாளத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.

ஆபீசர் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தமிழ் தெரியாது, எண் தெரியும். நூற்று எழுபத்தாறு. அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்குப் பத்தொன்பது வயது. இருக்கிறது என்று சொன்னால் மூன்றாவது பொய்சாட்சி. இல்லை என்று சொன்னால் அப்பா சொன்னது கதையில்லை என்று ஆகிவிடும். அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாட்சியின் முகத்தை மொழிபெயர்ப்பாளர் பார்க்கக் கூடாதாம், பார்த்தால் சாட்சி தடுமாறுமாம். அப்போதும் முறை தவறவில்லை அந்த மனுஷன்.

"புத்தகத்துல அது இல்ல. கடைசிப் பக்கமெல்லாம் காணோம். எங்கப்பா சொந்தமா சேத்துச் சொன்னாரு" என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாற்றியிருந்தால் தப்பிக்கலாம். அவர் மாற்றவில்லை. புத்தகத்தில் அது இல்லை, கடைசிப் பக்கமெல்லாம் காணோம், என் அப்பா சொந்தமாகச் சேர்த்துச் சொன்னார் என்று மலாயில் சொன்னார். "என் அப்பா" என்றே சொன்னார். முறைப்படி அப்படித்தானே சொல்ல வேண்டும்? நான் அழுதுவிட்டேன்.

ஆபீசர் பின்பக்கத்துக் கதவைப் பார்த்து ஏதோ சொன்னார். கதவு திறந்தது. அங்கே ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள், கையில் பென்சிலோடு. அவ்வளவு நேரமும் உள்ளே உட்கார்ந்து அப்பாவின் மொழிபெயர்ப்பைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். தப்பு எத்தனை என்று ஆபீசர் கேட்டார்.

"ஒன்னுகூட இல்ல துவான்" என்று கான்ஸ்டபிள் விறைப்பாக நின்று மலாயில் சொன்னார்.

ஆபீசர் புத்தகத்தை மூடினார். பிறகு, தன் கழுத்துக்காகக்கூட ஒரு சொல்லை மாற்றாதவன் சொல்வதை நம்பலாம், அது கதைதான் என்றார். இனிமேல் இவன் சொந்தமாக எதுவும் சொல்லக் கூடாது என்று ஒரு தடையும் போட்டார். புத்தகத்தைத் தானே வைத்துக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா என் தலையில் கையை வைத்தார், எடுத்தார். அவ்வளவுதான். அழுத கண்ணோடு நடந்தேன். வாத்தியாரும் ராவுத்தரும் பின்னால் வைத்தியர், மச்சினன் என்று இன்னும் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

சடக்கில் பாதி வழி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. புத்தகம் நூற்று எழுபத்தாறோடு நிற்பது நாலு தடவை படித்த ராவுத்தருக்குத் தெரியாதா, பொய்க்காவது நூற்று எண்பத்தெட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? கேட்டேவிட்டேன்.

ராவுத்தர் நின்றார். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நாந்தான்மா" என்றார். "புகையில மடிக்கக் கடையில தாளு இல்ல. புத்தகம் எங்கிட்ட வந்த மொத நாளே பின்னாலேருந்து கிழிச்சிட்டேன். படிக்க ஆரம்பிச்சது அப்புறந்தான்."

சந்து முழுவதும் தேடிய குற்றவாளி.

அப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. ரொம்ப ஆவலாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிழிக்கிறப்ப ஒரு வரி... யாருன்னு கண்ணுல படலயா ராவுத்தரே?"

"இல்லையே."

அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, ஆபீசர் போட்ட தடையை மீறி, தன் சொந்தக் கருத்து ஒன்றைச் சொன்னார். வக்கீல் தம்பிக்கு நான் போன ஞாயிற்றுக்கிழமை டீயோடு சேர்த்துச் சொன்னதும் அதுதான்.

"புத்தகத்துல ஒரு தப்பும் இல்லம்மா. வாசகருங்கதான் ஆபத்து."